ஜெனரலின் கைச்சாத்து

அமெரிக்க ஜெனரல் ஒருவர் தன் காதலை முதன்முதலாகத் தெரிவித்தபோது பத்மாசினி சொதிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். போன் எதிரே சுளகில் சாய்ந்திருந்தது. காதலை ஒருமுறை வாசித்தாள். பாதித் தேங்காய் மிச்சமிருந்தது; அதையும் துருவினாள். பிறகு கையைக் கழுவித் துடைத்துவிட்டு இன்னொருமுறை வாசித்தாள். ஐம்பத்தாறு வயதில் வருகிற காதலுக்காகத் தேங்காயைக் காயவிடுகிற குடும்பத்தில் அவள் பிறக்கவில்லை.

ஜெனரலின் பெயர் ஹரிசன் வால்டர். மனைவியை இழந்தவர். பெயர் சொல்லக்கூடாத ஒரு பாலைவனத்தில், எண்ணிக்கை சொல்லக்கூடாத ஒரு படைக்குத் தலைமை தாங்குபவர். அத்தனை வேலைக்கு நடுவிலும் பண்டத்தரிப்பில், கூட்டுறவுக் கடை மனேச்சராக இருந்து இளைப்பாறிய ஒரு பெண்ணின் முகநூல் படத்தைத் தேடிப்பிடித்து, அவளுக்குப் பின்னால் நின்ற செவ்வரத்தையையும் பாராட்டியிருந்தார். அவர் ஆங்கிலத்தில் எழுதுவார். போன் அதைத் தமிழாக்கிக் கொடுக்கும். போனின் தமிழ், திருவிழாவில் ஒலிபெருக்கி கைக்குக் கிடைத்த தர்மகர்த்தாவின் தமிழ் மாதிரி இருக்கும்.

"என் ராணியே, நீங்கள் இன்றைய மதிய உணவை நுகர்ந்தீர்களா?"

ஒவ்வொரு நாளும் கோயிலில் மத்தியானப் பூசை மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் இது வந்துவிடும். ஐயர் சுணங்கின நாளிலும் ஜெனரல் சுணங்கமாட்டார். ஊரிலும் சாப்பிட்டாச்சோ என்று கேட்காதவர் இல்லைத்தான். ஆனால் படலையடியில் கேட்டுவிட்டு, மறுமொழிக்கு நிற்காமல் சைக்கிளை உழக்கிப் போய்விடுவார்கள். ஜெனரல் மறுமொழிக்கு நின்றார். என்ன கறி என்று கேட்டார். கத்தரிக்காய் என்றால், எப்படிச் சமைத்தீர்கள் என்றும் கேட்டார். பத்மாசினியின் கத்தரிக்காயைப் பற்றி அதுவரை உலகத்தில் ஒருவரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை.

முதல் கிழமை அவரை நம்பினாள். இரண்டாம் கிழமை அவர் தன் படத்தை அனுப்பினார். அதுதான் அவர் விட்ட பிழை.

பாதி ஆயுளை ஆமியின் சோதனைச் சென்றிகளில் வரிசைகட்டி நின்று கழித்த ஒருத்திக்கு இராணுவச் சட்டையைப் படமெடுத்து அனுப்பக்கூடாது. எந்தக் கையில் எத்தனை பட்டி இருந்தால் அடையாள அட்டையை எவ்வளவு பணிவாக நீட்டவேண்டும் என்பதை வலிகாமத்தில் பாலர் வகுப்புப் பிள்ளையும் அறிந்திருந்த காலம் ஒன்று இருந்தது. ஜெனரலின் தோளில் ஒரு நட்சத்திரமும் இல்லை. கையில் மூன்று பட்டி.

"நீங்கள் சார்ஜன் அல்லவா?" என்று எழுதினாள்.

மறுமொழி வரச் சுணங்கியது. "என் சட்டை சலவைக்குச் சென்றுள்ளது, என் ராணியே. இது எனக்குக் கீழ் பணிபுரியும் ஒருவரின் சட்டை."

பத்மாசினி தனியே இருந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள். பொய்யன் என்று தெரிந்துவிட்டது. அவனைப் போனிலிருந்து வெட்டிவிட ஒரு விரல் போதும் என்பதும் தெரியும். மறுநாள் விரலைத் தயாராகவே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மணி அடித்தது, "என்ன கறி?" என்று வந்தது. அதே விரலால், முருங்கைக்காய் என்று எழுதிவிட்டாள்.

அவள் இருந்த வீடு தகப்பன் அவளுக்குச் சீதனமாக எழுதிய கல்வீடு. சீதனம் இருந்தது, மாப்பிள்ளைதான் வரவில்லை. வரவில்லை என்று சொல்வதும் சரியல்ல. வந்தவர்களை அண்ணன் கந்தப்பு ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார். ஒருவருக்கு உத்தியோகம் காணாது. ஒருவருக்குச் செவ்வாய். இன்னொருவருக்கு நல்ல உத்தியோகம், செவ்வாயும் இல்லை. ஆனால் கதிரையில் இருந்த விதம் கந்தப்புவுக்குப் பிடிக்கவில்லை. தொண்ணூற்றைந்துச் சண்டையில் ஊரோடு வெளிக்கிட்டுப் போய்த் திரும்பி வந்தபோது சுவர்கள் மட்டும் நின்றன. கூரை அவளுடைய சம்பளத்தில் ஏறியது. கதவு நிலைகள் மாரிக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று அவள் காசில் வந்தவை.

இப்போது கந்தப்புவின் இளைய மகள் தக்சாயினிக்கு றஜிந்தன் என்று ஒரு கனடா மாப்பிள்ளை பொருந்தியிருந்தான். மாப்பிள்ளையின் தாய் ஊரில் ஒரு வீடு கேட்டாள். கந்தப்புவின் சொந்த வீடு மூத்த மகளின் சீதனத்தோடு போய்விட்டது. அவரும் மனைவி குணலட்சுமியும் அதிலேதான் மருமகனின் தயவில் இருந்தார்கள். ஊர் முழுக்கக் கண்ணை ஓட்டிப் பார்த்ததில், தேவையில்லாமல் ஒரு வீட்டை வைத்திருக்கிற ஆள் தங்கச்சி ஒருத்திதான் என்று அவருக்குப் பட்டது.

"உனக்குத் தனிய ஒரு வீடு என்னத்துக்கு, பத்மா? எங்கடை பின்பத்தியிலை ஒரு மூலை ஒதுக்கித் தாறன்."

"அதுக்குள்ளை மாட்டுக்கு வைக்கோல் எல்லே கிடக்குது, அண்ணை?"

"வைக்கோலை எடுக்கலாம்," என்றார் கந்தப்பு. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தியாகம் தெரிந்தது.

ஏலாது என்ற சொல் பத்மாசினிக்குத் தெரியாததல்ல. கடனுக்குச் சீனி கேட்ட எத்தனையோ பேருக்குச் சொன்ன சொல். அண்ணனுக்கு மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தத் திசையில் அவளுக்கு நாக்கு எழும்பாது. "யோசிச்சுச் சொல்லுறன், அண்ணை," என்றாள். சம்மதித்துவிட்டாள் என்று கந்தப்பு எடுத்துக்கொண்டார்.

அதே கிழமைதான் ஜெனரலும் விசயத்துக்கு வந்தார். ஒரு பெட்டி நிறையத் தங்கம் கண்டெடுத்திருக்கிறாராம். அதைப் பத்மாசினிக்கு அனுப்பவேண்டுமாம். செலவுக்குக் கொஞ்சம் காசு வேண்டுமாம்.

"என்னிடம் காசு இல்லை. ஒரு வீடுதான் இருக்கிறது," என்று எழுதினாள்.

"கடவுள் முன்னிலையில் நீங்கள் என் மனைவி. வீட்டை விற்றுவிடலாமே, என் ராணியே?"

"அதை ஏற்கனவே அண்ணன் கேட்டுவிட்டார். நீங்கள் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கவேண்டும்."

ஜெனரல், அண்ணனிடம் காசு இருக்கிறதா என்று கேட்டார்.

இந்தக் காதல் வெளியே வந்தது குணலட்சுமியால். ஒடியல் மா இரவல் வாங்கப் போனவள், சுளகில் சாய்ந்திருந்த போனில் ஒரு வெள்ளைக்காரன் சிரிப்பதைக் கண்டுவிட்டாள்.

"ஆமிக்காரனோ!" கந்தப்பு கதிரையால் எழும்பினார். "எங்கடை குடும்பத்துக்குள்ளை ஆமிக்காரனோ?"

"அமெரிக்கா ஆமியாம்."

கந்தப்பு கதிரையில் பாதி இருந்தார். "அதெண்டாலும்..."

"ஜெனரலாம்."

முழுக்க இருந்துவிட்டார்.

ஆனால் அவர் அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதராக இருந்து இளைப்பாறியவர். பேப்பரை ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறவர். கோப்பி குடித்து முடிப்பதற்குள் இது கள்ள வேலை என்று பிடித்துவிட்டார். அடுத்த ஞாயிறு வாசிகசாலையில் கூட்டம் வைத்து, இணையக் காதல் மோசடிகளைப் பற்றி விழிப்புணர்வுப் பேச்சுப் பேசினார். தங்கச்சி ஏமாறுவதைவிட வீடு கைமாறுவதுதான் அவருக்குப் பயம். அதனால் பஸ்ஸிலும் சந்தையிலும் சலூனிலும் ஒரே கதைதான்: "தங்கச்சி ஒரு அமெரிக்க ஆமிக்காரனைப் புருஷன் எண்டு பிடிச்சு வைச்சிருக்கிறாள். வீட்டை அவனுக்கு எழுதமுந்தி நாங்கள் எழுதி எடுக்கவேணும்." கதையின் பின்பாதியை ஊர் மறந்துவிட்டது. முன்பாதியை வைத்துக்கொண்டது.

"பத்மாக்கா, அத்தான் எப்ப வாறாராம்?" என்று வேலிக்கு மேலால் கேட்டாள் அடுத்த வளவுக் கேதீஸ்வரி.

"கடமை முடியவேணுமாம், பிள்ளை."

"வரேக்கை ஹெலியிலை வாறதெண்டால் சொல்லுங்கோ. என்ரை மிளகாய் காயப்போட்டுக் கிடக்குது."

கந்தப்பு பொறுக்கவில்லை. ஒரு நல்ல நாள் பார்த்து, எழுதி முடித்த நன்கொடை உறுதிப் பத்திரத்தோடு நொத்தாரிசு சீவரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பத்மாசினி ஒரு கைச்சாத்து வைத்தால் வீடு தக்சாயினிக்கு. பத்மாசினி தேத்தண்ணி கொடுத்தாள். பேனையை அண்ணன் மூடி கழற்றியே வைத்திருந்தார்.

சீவரத்தினம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். "தங்கச்சி, வழமையாக் கேக்கிறதுதான். நீர் கலியாணம் முடிக்கேல்லைத்தானே?"

ஓம் என்ற சொல் வெளிக்கிட்டு, பத்மாசினியின் பல்லடி வரை வந்துவிட்டது. அதற்குள் நொத்தாரிசே கையை உயர்த்தினார்.

"பொறும், பொறும். பஸ்ஸுக்குள்ளை கந்தப்பர் எனக்கு வேறை கதையெல்லே சொன்னவர். புருஷன் எண்டு ஆரோ..."

"அது சும்மா கதை, ஐயா," என்றார் கந்தப்பு.

"சும்மா கதையோ? பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தது. கொண்டக்டர் றைவரைப் பாத்து மெதுவா ஓட்டச் சொன்னவன். தங்கச்சி, இது தேசவழமைச் சட்டம். பெண்சாதியின்ரை சொந்தச் சீதனக் காணி எண்டாலும், புருஷன்ரை எழுத்துச் சம்மதம் இல்லாமல் அவ அதை விக்கவும் ஏலாது, குடுக்கவும் ஏலாது."

பெண்களுக்கு எதிரான சட்டங்கள் பலவற்றைப் பத்மாசினி தன் காலத்தில் கேள்விப்பட்டிருக்கிறாள். இவ்வளவு வடிவான ஒன்றைக் கேட்டதில்லை. பல்லடியில் நின்ற ஓமை மெல்ல விழுங்கினாள்.

"அவர் கடமையிலை நிக்கிறார், ஐயா," என்றாள்.

"பத்மா!" கந்தப்புவின் குரல் கீச்சிட்டது. "தாலி எங்கை? பதிவு எங்கை?"

"பதிவில்லாட்டிலும் ஊரறியப் புருஷன் பெண்சாதி எண்டு இருந்தவையைக் கோட்டிலை நீதவான் ஏத்துக்கொண்ட வழக்கு இருக்கு," என்றார் சீவரத்தினம். "ஊரறியுமோ?"

"ஓம், ஐயா, அறிவம்!" என்று வேலிக்கு மேலால் மறுமொழி வந்தது. கேதீஸ்வரி. "கந்தப்பண்ணைதான் சொன்னவர்."

சீவரத்தினம் உறுதியை மடித்துப் பைக்குள் வைத்தார். முன்னொரு காலம் அவர், விதவை என்று எல்லாரும் சொன்ன ஒரு பெண்ணின் காணிக்கு உறுதி முடித்தவர். புருஷன் பிறகு ஜேர்மனியிலிருந்து நல்ல சுகத்தோடு வந்து இறங்கினான். அந்த வழக்குக்குப் போய்வந்ததில் நொத்தாரிசுக்கு மூன்று குடை கிழிந்தது. நாலாவது குடையோடுதான் இப்போது எழும்பினார். "காணாமப் போன மனுசரை நான் நம்புறேல்லை. அவை வந்திடுவினம். ஜெனரலின்ரை கைச்சாத்து வரட்டும், கந்தப்பர். அண்டைக்கே முடிப்பம்."

"நான் ஏலாது எண்டு சொல்லேல்லை, அண்ணை," என்றாள் பத்மாசினி. அது முழு உண்மை. "நீங்கள் அவரோடை ஒருக்காக் கதையுங்கோவன். நம்பர் தாறன்."

கந்தப்பு போனில் தட்டித் தட்டி ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். அவன் கள்ளன் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கள்ளனின் கைச்சாத்தும் கைச்சாத்துத்தான். அமெரிக்காவில் போய்ச் சரிபார்க்கச் சீவரத்தினத்துக்குப் பஸ் இல்லை. மதிப்புக்குரிய மைத்துனர் என்று தொடங்கினார். கந்தோர்ப் பழக்கத்தில், தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன் என்று முடித்தார். ஜெனரல் அந்தக் கடைசி வரியை அப்படியே எடுத்துக்கொண்டார்.

மறுமொழி உடனே வந்தது. மைத்துனரே, உங்களைப் போன்ற கனவான் ஒருவரின் குடும்பத்தில் இணைவது என் பாக்கியம் என்று எழுதியிருந்தது. கந்தப்பு அதை மூன்று தரம் வாசித்தார். மூத்த மருமகன் அவரை இதுவரை கனவான் என்று சொன்னதில்லை. கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ என்றுதான் சொல்வான். சம்மதக் கடிதத்தில் கைச்சாத்திட்டாயிற்று, தங்கப் பெட்டிக்குள் வைத்து அனுப்பியாயிற்று, மைத்துனருக்கு ஒரு கைக்கடிகாரமும் உண்டு, பெட்டி இப்போது கொழும்பில் நிற்கிறது, எடுக்கச் சிறு கட்டணம் என்று அடுத்ததில் இருந்தது. கள்ளன் என்ற எண்ணம் அந்தக் கைக்கடிகாரத்தோடு கந்தப்புவை விட்டுக் கழன்றது.

கட்டினார். இரண்டாவது கட்டணமும் கேட்டார்கள்: பெட்டிக்குள் வெடிமருந்து இல்லை என்பதற்கான பாதுகாப்பு அனுமதிச் சான்றிதழ். வேறு ஊர்க்காரன் என்றால் இந்த இடத்தில் நெற்றியைச் சுருக்கியிருப்பான். சைக்கிளுக்கும் ரோச் பற்றரிக்கும் பசளைக்கும் சவத்துக்கும் ஆமியிடம் பாஸ் எடுத்து வளர்ந்த மனிதர் கந்தப்பு. சான்றிதழ் கேட்காமல் பெட்டி வந்திருந்தால்தான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். வளவில் நின்ற லான்ட்மாஸ்டர் உழவு மெசினை விற்று அதையும் கட்டினார். மனைவி கேட்டதற்கு, மெக்கானிக்கிடம் றிப்பேருக்கு விட்டிருக்கிறது என்றார்.

மூன்றாவது கட்டணம் கேட்டபோதுதான் கைக்கடிகாரம் வராது என்று விளங்கியது. பொலிசுக்குப் போகலாம், போனால் வாசிகசாலைப் பேச்சை ஞாபகம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆவணியில் கலியாணம். கைச்சாத்து இல்லை. ஒரு பின்னேரம் முழுக்க வைக்கோலைப் பார்த்துக்கொண்டு பத்திக்குள் இருந்தார். அப்போதுதான் மிகவும் சுலபமான வழி ஒன்று அவருக்குத் தோன்றியது. புருஷன் இருக்கிற பெண்ணுக்குத்தானே சம்மதம் வேண்டும்?

இரண்டாம் நாள் விடிய, பண்டத்தரிப்புச் சந்தியிலிருந்து ஒழுங்கை முகப்பு வரை லைட் போஸ்ட்டுகளில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

"அமெரிக்காவைப் பிறப்பிடமாகவும், பாலைவனத்தை வதிவிடமாகவும், பண்டத்தரிப்பைப் புகுந்த இடமாகவும் கொண்ட ஜெனரல் ஹரிசன் வால்டர் அவர்கள் கடமையின்போது காலமானார். அன்னார் பத்மாசினியின் ஆருயிர்க் கணவரும், கந்தப்பு (இளைப்பாறிய பிரதம லிகிதர்) அவர்களின் அன்பு மைத்துனரும், தக்சாயினியின் பாசமிகு மாமாவும் ஆவார். பூதவுடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டதால் அஞ்சலி மாத்திரம் அவரது இல்லத்தில் நடைபெறும்."

கந்தப்பு தங்கச்சியின் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மனதைத் திடப்படுத்து, பத்மா. மச்சான் போட்டார்."

"எங்கை, அண்ணை?"

"மேலை."

பத்மாசினி அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த நோட்டீஸைப் பார்த்தாள். ஏலாது என்ற சொல் இப்போதும் வரவில்லை. "கதிரை எடுக்க ஆள் அனுப்பினனீங்களோ?" என்று கேட்டாள்.

கதிரை வந்தது, பந்தல் வந்தது, ஒழுங்கைக்கு வெள்ளைக்கொடி வந்தது. கூடத்தில் குத்துவிளக்குக்குப் பின்னால் ஜெனரலின் படம், மாலையோடு. கிழவர் ஒருவர் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "உது சார்ஜன்ரை பட்டியெல்லோ?" என்றார்.

"செத்த மனுசன்ரை பதவியைக் குறையாதையுங்கோ, அப்பு," என்று அடக்கினாள் கேதீஸ்வரி.

கந்தப்புவின் ஏற்பாடு ஒன்றுக்கும் குறைவில்லை. மாப்பிள்ளையின் தாய் வந்திருந்தாள். நொத்தாரிசு சீவரத்தினத்தை முன் கதிரையில், விதவையை நேரே பார்க்கக்கூடிய இடத்தில் இருத்தினார். குணலட்சுமி முதல் வேலையாக, "செத்தவீட்டிலை உனக்குப் போன் என்னத்துக்கடி?" என்று பத்மாசினியின் போனைப் பறித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பெண்கள் பத்மாசினியைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். தானும் அழுதுகாட்டவேண்டும் என்று தலையைக் குனிந்தவளுக்கு, எதிர்பாராமல் உண்மையாகவே வந்துவிட்டது. கதிரையில் இருந்த விதம் சரியில்லை என்று அனுப்பப்பட்ட அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். கதிரை நுனியில் இருந்தார். தேத்தண்ணி கொண்டுபோனபோது எழும்பி நின்று வாங்கினார். அதுதான் குற்றம். அவருக்காக இந்த வீட்டில் ஒருவரும் பந்தல் போட்டதில்லை. அவரையும் சேர்த்து அன்றைக்கே அழுது முடித்தாள்.

முடிக்கும்போது கோயில் மணி அடித்தது. பத்மாசினி மூக்கைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தாள்.

"என்ரை ஐயோ, தம்பீ! ஒரு வாய் எங்கடை சோறு தின்னாமப் போனியே, ராசா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள் குணலட்சுமி. அவளுடைய இடுப்பு 'டிங்' என்றது.

ஒப்பாரி நின்றது. இடுப்பு இன்னொருமுறை 'டிங்' என்றது.

"அது இந்த நேரத்துக்கு வாறது," என்றாள் பத்மாசினி மெதுவாக.

"எடும், பாப்பம்," என்றார் நொத்தாரிசு.

போன் கைமாறிக் கேதீஸ்வரியிடம் வந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்க வாசித்தாள்: "என் ராணியே, நீங்கள் இன்றைய மதிய உணவை நுகர்ந்தீர்களா?"

"அங்கையும் சிக்னல் இருக்குப்போலை," என்றார் சார்ஜன் பட்டி பார்த்த கிழவர்.

"பழைய மெசேச்சா இருக்கும்!" என்று கந்தப்பு எழும்பினார். எழும்பிய வேகத்தில் அவருடைய சட்டைப் பையும் 'டிங்' என்றது. கையால் பொத்தினார். பையைப் பொத்தியபடியே இருந்தால் கேள்வி வரும் என்று எடுத்தார். எடுத்ததைச் சீவரத்தினம் எட்டி வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசித்தார்.

"அன்புள்ள மைத்துனரே, மூன்றாவது கட்டணம் இன்னும் கிடைக்கவில்லை. பெட்டி வெயிலில் நிற்கிறது." நிமிர்ந்தார். "கந்தப்பர், செத்தவர் உமக்கும் எழுதுறாரோ?"

"மூண்டாவதோ?" குணலட்சுமி தலைமயிரை அள்ளி முடிந்தாள். "அப்ப முதல் ரெண்டும்? இஞ்சாருங்கோ, லான்ட்மாஸ்டர் எங்கை?"

"றிப்பேருக்கு..."

"எந்த நாட்டிலை?"

கந்தப்புவின் வேர்வை நோட்டீஸில் சொட்டியது. "அவன் ஜெனரலே இல்லை, ஐயா! கள்ளன்! அப்பிடி ஒராளே உலகத்திலை இல்லை!"

"இல்லாத ஆளுக்கோ நோட்டீஸ் அடிச்சனீர்?" சீவரத்தினம் நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்தார். "அன்பு மைத்துனர் எண்டு உம்முடைய பேரைப் போட்டு, ஊர் முழுக்க ஒட்டியும் இருக்கிறீர். இதைவிட ஊரறிந்த கலியாணத்தை என்ரை தொழிலிலை நான் காணேல்லை. சாப்பாடு கேக்கிற ஆள் உயிரோடைதான் இருக்கிறார். கைச்சாத்து வரட்டும்."

கந்தப்பு வாயைத் திறந்தார். இனி எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்த முகம். அப்போதுதான் மாப்பிள்ளையின் தாய் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"அண்ணை, ஜெனரல் உயிரோடை இருக்கிறாரெண்டால் எங்களுக்கு வீடு என்னத்துக்கு? றஜிந்தன் கனடாக் குளிர் ஏலாதெண்டு அமெரிக்காவுக்கு மாற யோசிக்கிறான். பெம்பிளையின்ரை மாமா ஒரு சொல்லுச் சொன்னால் காணும். உந்த வீட்டை அவவே வைச்சிருக்கட்டும்."

கந்தப்புவின் வாய் திறந்தபடி நின்றது. தங்கச்சியைப் பார்த்தார், மாலை போட்ட படத்தைப் பார்த்தார், மகளின் கலியாணத்தை நினைத்தார். மூடித் திறந்தார்.

"கடமை முடியச் சொல்லுவார்," என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "மச்சான் சொன்னால் சொன்னதுதான்," என்றும் சேர்த்தார். ஆவணிக் கலியாணத்தில் மணவறைக்குப் பக்கத்தில் அந்தப் படம், மாலையை மாற்றி, கம்பீரமாக நின்றதைக் கண்டவர்கள் இன்னமும் பண்டத்தரிப்பில் இருக்கிறார்கள்.

சனம் கலைந்தது. பந்தல்காரர் கதிரைகளை அடுக்கினார்கள். பத்மாசினி போனை வாங்கிக்கொண்டு, தன் கூரைக்குக் கீழே, தன் சுவரில் சாய்ந்து இருந்தாள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. கேதீஸ்வரி அயலட்டையில் சேர்த்த சோறும் பருப்பும் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லியிருந்தாள். ஜெனரல் இன்னும் மறுமொழிக்கு நின்றார்.

"இன்னும் இல்லை," என்று எழுதினாள். "நீங்கள் செத்துப்போனதால் இன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை."

கொஞ்சம் சுணங்கியது. பாலைவனத்திலோ, எங்கேயோ, ஒருவன் அதை இரண்டு தரம் வாசித்திருக்கவேண்டும்.

"வருந்துகிறேன், என் ராணியே," என்று வந்தது. "நாளைக்கு என்ன கறி?"